பம்பாயம்மா கொடுத்த லீவு

அவர் என்ன சாதி என்று கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு வருஷம் பிடித்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து சங்கராபுரம் போகும் பஸ்ஸில் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தால் போதும், இறங்குவதற்குள் அந்த விஷயம் வெளியே வந்துவிடும். எந்த ஊரு, எந்தத் தெரு, பொண்ணு எங்கே கொடுத்திருக்கீங்க என்று மூன்று கேள்வி கேட்டால் தீர்ந்தது. இந்த அம்மாவிடம் மூன்றும் பலிக்கவில்லை. ஊர் பம்பாய். தெருவின் பெயரைச் சொன்னால் நமக்கு வாயில் நுழையாது. பெண் கொடுக்கவோ எடுக்கவோ அவருக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கள் வாட்ச்மேன் இதை நினைத்து நினைத்தே இளைத்துப் போனார்.

நான் அப்போது கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலை ஏற்றம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருந்த ஒரு தொழுநோயாளர் இல்லத்தில் கம்பவுண்டர். வியாதி குணமாகியும் வீட்டில் சேர்த்துக்கொள்ளப்படாதவர்கள் அங்கேயே குடியிருந்தார்கள். உணர்ச்சி போன கைகால்கள். தினமும் புண் கழுவிக் கட்டுப் போட வேண்டும். தீபாவளி என்று சொன்னால் புண் ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுமா? அதனால் பண்டிகை நெருங்கினாலே எங்களுக்குள் சண்டை வந்துவிடும். போன பொங்கலுக்கு நீ போனாய், இந்தப் பொங்கல் என்னுடையது என்று ஆரம்பித்து, சமையல்காரர், வாட்ச்மேன், கட்டுப் போடுகிறவர்கள், நான் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரு வாரம் திரிவோம்.

அந்தச் சண்டையை ஒழித்தவர் பம்பாயம்மா. பக்கத்துச் சர்க்கரை ஆலையின் டிஸ்பென்சரியில் நர்ஸ். ஆலைக்கு இயந்திரம் பொருத்த வந்த கணவர் இங்கேயே காலமாகிவிட்டார். வேலை இருந்தது, குவார்ட்டர்ஸ் இருந்தது, இவரும் இருந்துவிட்டார். வயது ஐம்பதுக்கு மேல். குட்டையான உருவம். புடவையைக் கணுக்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு வேகமாக நடப்பார். ஒரு தீபாவளிக்கு முதல் நாள் எங்கள் ஆபீஸ் அறைக்குள் வந்து நின்று, உங்க எல்லாருக்கும் நாளைக்குப் பண்டிகைதானே, வூட்டுக்குப் போங்க, நாங்க பாத்துக்கறோம் என்றார். யார் அந்த நாங்கள் என்று எட்டிப் பார்த்தால், வாசலில் தகரப் பெட்டியும் படுக்கைச் சுருளுமாக ஒரு கூட்டம். பம்பாயிலிருந்து ரயிலேறி சேலத்தில் இறங்கி, மூன்று பஸ் மாறி வந்தவர்கள். இரண்டு நர்ஸுகள், ஒரு ரயில்வே குமாஸ்தா, ஒரு வயதான தையற்காரர், ஒரு டீச்சர்.

எங்கள் மேனேஜருக்குச் சந்தேகம். மதம் மாற்ற வந்தவர்களோ என்று கேட்டே விட்டார். பம்பாயம்மாவுக்கு வந்ததே சிரிப்பு. எங்க மதத்துக்கு வர்றன்னு நீ கெஞ்சினாக்கூட நாங்க லேசுல சேத்துக்க மாட்டோம், பயப்படாத என்றார். ஆலை ஆட்களிடமும் எங்கள் நோயாளிகளிடமும் கற்ற தமிழ். அவருக்கு மேனேஜரும் நீதான், வாட்ச்மேனும் நீதான்.

அன்றைக்குத்தான் விஷயம் வெளியே வந்தது. அவர்கள் யூதர்கள். பம்பாய்க்குத் தெற்கே கடற்கரை ஊர்களில் காலங்காலமாக இருந்தவர்களாம். செக்காட்டி எண்ணெய் விற்றுப் பிழைத்தவர்களாம். சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது, அன்றைக்கு அவர்களுக்கு ஓய்வு நாள். சமையல்காரர், இயேசுநாதர் பொறந்த சாதியா என்று வாயைப் பிளந்தார். வாட்ச்மேன் மட்டும் செக்கு என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அப்ப செட்டியாருங்க என்று முடிவு கட்டி, இரண்டு வருஷத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கப் போனார்.

அவர்கள் ஜெபக்கூடத்தில் ஒரு பழக்கம் இருந்தது. அடுத்தவர்களுக்குப் பண்டிகை வரும்போது ஆஸ்பத்திரி, அநாதை இல்லம், முதியோர் இல்லம் எங்கேயாவது போய் வேலையை எடுத்துக்கொள்வது. பண்டிகை உள்ளவன் வீட்டுக்குப் போகட்டும், நமக்கு அன்றைக்கு வெறும் நாள்தானே என்ற கணக்கு. கிறிஸ்துமஸுக்குக் கன்னியாஸ்திரீகள் ஆஸ்பத்திரியில், தீபாவளிக்கு வேறு ஓர் இடத்தில். பம்பாயம்மா கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அப்படிப் போனவர். இங்கே வந்த பிறகு, மலையடிவாரத்தில் இப்படி ஓர் இடம் இருக்கிறது என்று ஜெபக்கூடத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறார். பெயர் கொடுத்தவர்கள் புறப்பட்டு வந்துவிட்டார்கள்.

அவர்களுக்கு ஒரு கும்பிடு உண்டு. காலையில் தங்கள் ஜெபம் முடிந்ததும் எதிரில் இருப்பவரின் கையைத் தங்கள் இரண்டு கைக்குள்ளும் வாங்கி, விட்டுவிட்டு, பிறகு தங்கள் விரல் நுனியைத் தாங்களே உதட்டில் ஒற்றிக்கொள்வார்கள். பம்பாயில் தங்களுக்குள் செய்கிற வழக்கம். இங்கே அதை நோயாளிகளிடம் செய்தார்கள். நான் பார்த்தது அடுத்த பொங்கலில், ஊருக்குப் புறப்படும் காலையில். குப்பம்மா என்று ஒரு நோயாளி, உளுந்தூர்பேட்டைப் பக்கம். பெற்ற பிள்ளைகள் தொட்டு எத்தனையோ வருஷமான கைகளை அவள் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். பம்பாயம்மா அதட்டினார். எடுக்கறியா, நான் உள்ள கைய வுட்டு எடுக்கட்டுமா? குப்பம்மா நீட்டினாள். விரல்கள் பாதிதான் இருந்தன. இவர் இரண்டு கையாலும் பிடித்து, விட்டு, விரலை உதட்டில் வைத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். வியாதி ஒட்டாது என்று பாடம் படித்துத் தேறியவன் நான். நானே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். குப்பம்மா அன்றைக்குச் சாயங்காலம் வரை அந்தக் கையைக் கழுவவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

அவரிடம் கருணை, தியாகம் என்றெல்லாம் யாராவது ஆரம்பித்தால் எரிந்து விழுவார். அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். லீவு உள்ளவன் வேலை செய்யக் கூடாது. லீவு இல்லாதவன் செய்ய வேண்டும். இதில் அவர் எவ்வளவு பிடிவாதம் என்பதற்கு ஒரு தீபாவளியைச் சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் தீபாவளி சனிக்கிழமையில் வந்து தொலைத்தது. சனிக்கிழமை அவர்கள் நெருப்பு மூட்ட மாட்டார்கள். விளக்கேற்றுவது, தீக்குச்சி கிழிப்பது ஒன்றும் கிடையாது. புண்ணுக்குக் கட்டுப் போடுவது மட்டும் செய்யலாம், உடம்புக்கு வந்தது எந்த நாளிலும் பார்க்கலாமாம். சோறும் குழம்பும் வெள்ளிக்கிழமையே ஆக்கிக் கணப்பில் வைத்துவிட்டார்கள். வம்பு பட்டாசில் வந்தது. ஆலைக்காரர்கள் ஒரு பெட்டிப் பட்டாசும் மத்தாப்பும் கொடுத்திருந்தார்கள். நோயாளிகள் கொளுத்தக் கூடாது, கை வெந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. பம்பாய்க்காரர்கள் கொளுத்த மாட்டார்கள். எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லை, அத்தனை பேரும் லீவு. விடிகாலையிலிருந்து பட்டாசுப் பெட்டி நடுக்கூடத்தில் இருக்கிறது, சுற்றி அத்தனை பேரும் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

என் கெட்ட நேரம், நான் மச்சானோடு சண்டை போட்டுக்கொண்டு அன்றைக்குச் சாயங்காலமே திரும்பி வந்துவிட்டேன். என்னைப் பார்த்ததும் சடையன் எழுந்து நின்றே விட்டார். சடையனும் நோயாளிதான், மலைக்காரர், வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூர். இல்லத்து மாட்டு வண்டியை ஓட்டுகிறவர். கம்பவுண்டரு வந்துட்டாரு, அவுரு கொளுத்தட்டும் என்றார். நானும் சட்டையை மடித்து விட்டுக்கொண்டு தீப்பெட்டியை எடுத்தேன். பம்பாயம்மா அதைப் பிடுங்கிக்கொண்டார். நீ லீவு. லீவுல இருக்கறவன் இங்க எதையும் தொடக் கூடாது. ஒக்காந்து வேடிக்க பாரு. சரி, நீங்கள் எப்போது கொளுத்துவீர்கள் என்று கேட்டேன். வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்தால் சனிக்கிழமை முடிந்ததாம், அப்புறம் அவரே கொளுத்துவாராம்.

ஐப்பசி மாதம். மலைக்கு மேலே மேகம் திரண்டு கிடக்கிறது. மூன்று நட்சத்திரத்துக்கு எங்கே போவது? அத்தனை பேரும் முற்றத்தில் கழுத்தை ஒடித்துக்கொண்டு நின்றோம். ஒன்று கிடைத்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று. சடையன் திடீரென்று அதோ மூணாவது என்று மொண்டிக் கையை நீட்டினார். அது ஆல புகபோக்கி லைட்டு, யார ஏமாத்தற என்றாள் குப்பம்மா. பம்பாயம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தையற்காரக் கிழவரைக் கூப்பிட்டுக் காட்டினார். கிழவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, நீண்ட நேரம் பார்த்து, நட்சத்திரம்தான் என்று தலையாட்டினார். எனக்குத் தெரிந்து அது புகைபோக்கி விளக்குதான். ஆனால் அன்றைக்கு அந்த இல்லத்தில் வெடித்த மாதிரி ஊரில் எங்கும் வெடித்திருக்காது.

வருஷத்துக்கு வருஷம் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. முதலில் டீச்சர் வரவில்லை, அவர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார். பிறகு குமாஸ்தா குடும்பத்தோடு. தையற்காரர் மகனோடு. அவர்கள் கூட்டமே கொஞ்சம் கொஞ்சமாக அந்த நாட்டுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தது. கடைசியில் பண்டிகைக்கு வந்து நின்றவர் இவர் ஒருவர்தான். அப்போதும் எங்கள் எல்லோரையும் துரத்திவிட்டுத் தனியாக அத்தனை புண்ணையும் கழுவினார். நீங்களும் போக வேண்டியதுதானே என்று ஒரு தடவை கேட்டேன். அம்மா பம்பாயில இருக்காங்களே என்றார். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, தங்கையோடு இருந்தார். வருஷத்துக்கு ஒரு முறை, புரட்டாசி வாக்கில் அவர்களுக்குப் புத்தாண்டு வரும். அதற்கு மட்டும் லீவு போட்டுவிட்டு அம்மாவைப் பார்க்கப் போவார்.

இப்போது என் தம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பி.ஏ. படித்துவிட்டு, எழுதாத பரீட்சை இல்லாமல் எழுதிவிட்டு, வீட்டில் இருந்தான். எங்கள் சாதிக்குப் படிப்பிலும் வேலையிலும் தனிப் பங்கு வேண்டும் என்று போராட்டம் சூடு பிடித்திருந்த வருஷங்கள் அவை. கொல்லையில் கரும்பு வெட்டியே மூன்று தலைமுறை போயிற்று, நாலாவது தலைமுறையும் அரிவாளோடுதானா என்று கேட்பான். கேட்டது நியாயம். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஒரு நாள் இல்லத்துக்கு வந்தவன் பம்பாயம்மாவிடமே கேட்டான், உங்க ஆளுங்களுக்கு எத்தினி பர்சன்ட்டுங்க என்று. அவர் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டே, இந்த ஜில்லாவுல நான் ஒருத்திதான், பர்சன்ட்டு போட்டா என் சுண்டு வெரலு கூட உள்ள நொழையாது என்றார். பிறகு அவனை உட்கார வைத்து, என்ன கேட்கிறீர்கள், ஏன் கேட்கிறீர்கள் என்று ஒரு மணி நேரம் விசாரித்தார். அவ்வளவு பொறுமையாக அவனை அதற்கு முன் யாரும் விசாரித்ததில்லை.

முதலில் நடந்த மறியல் ஒரே ஒரு நாள். அடுத்த வருஷம் அறிவித்தது ஒரு வாரம். மரத்தை வெட்டிச் சாலையில் போட்டு, உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் வரைக்கும் எதுவும் ஓடாமல் செய்வது என்று ஏற்பாடு. இல்லத்தில் வேலை பார்த்த பெரும்பாலோர் எங்கள் சாதி ஆட்கள். போக வேண்டும் என்று எல்லோருக்கும் துடிப்பு. ஆனால் போனால் கட்டு யார் போடுவது? பழையபடி முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிய ஆரம்பித்தோம். அது எப்படியோ ஆலை வரைக்கும் போய்விட்டது. முதல் நாள் விடியும்போதே பம்பாயம்மா பையும் கையுமாக வந்து நின்றார்.

உங்க ஆளுங்கல்லாம் ரோட்டுல இருக்காங்க, நீங்க இங்க இருந்தா எப்பிடி? இதுவும் ஒங்களுக்கு ஒரு பண்டிகதான். போங்க, நான் பாத்துக்கறன் என்றார்.

மேனேஜர் அரண்டுபோனார். மறியலுக்குப் போக எந்த ஊரிலாவது ஆள் மாற்றி விடுவார்களா என்று கேட்டார். பம்பாயம்மா கொதிநீர்ச் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டார். நாங்கள் போனோம். மலைப்பாதை பிரிகிற இடத்தில் ஒரு பெரிய புளிய மரத்தைச் சாய்த்து என் தம்பியும் கூட்டாளிகளும் உட்கார்ந்திருந்தார்கள். கோஷம் போட்டோம். வயல்காட்டிலிருந்து பெண்கள் கூழும் மோரும் கொண்டுவந்து கொடுத்தார்கள். உண்மையிலேயே திருவிழா மாதிரிதான் இருந்தது, விழுப்புரம் பக்கம் போலீஸ் சுட்டுவிட்டது என்று செய்தி வரும் வரைக்கும். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. தம்பியின் முகம் கறுத்துப்போயிற்று.

இரண்டாம் நாள் சாயங்காலம் மாற்றுத் துணி எடுக்க இல்லத்துக்கு நடந்து வந்தேன். குப்பம்மா என்னை வாசலிலேயே மடக்கினாள்.

"அந்தம்மா பொட்டி கட்டி வெச்சிக்கினு கீது. நாளைக்கு ராத்திரி சேலத்துல ரயிலாம். நீங்கல்லாம் ரோட்ட எப்ப தொறப்பீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே போனேன். பம்பாயம்மா ஒரு காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். சுவரோரம் அவருடைய தகரப் பெட்டி. கேட்டதும் சாதாரணமாகச் சொன்னார். புத்தாண்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் இந்தத் தடவை முன்கூட்டியே போக வேண்டும். தங்கை குடும்பம் வீட்டை விற்றுவிட்டு இஸ்ரேலுக்குப் போகிறது. அம்மாவையும் அழைத்துப் போகிறார்கள். இந்த வாரக் கடைசியில் விமானம். அம்மாவுக்கு அல்வா செய்து வைத்திருக்கிறார்.

"நாளைக்கு தொறந்துடுவாங்க இல்ல?" என்றார்.

"ஒரு வாரம்மா."

"போன வாட்டி ஒரு நாளுதானே?"

"இந்த வாட்டி ஒரு வாரம். ஊருக்கே தெரியும்."

அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை எதற்குச் சொல்ல வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஓரிரு நாளில் திரும்பி வரப்போகிறவர்களிடம் ரயிலைப் பற்றி எதற்குச் சொல்ல வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை. கட்டின் முடிச்சை முடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, "அம்மா திரும்பி வர மாட்டாங்க. அவ்ளோ தூரம் நானும் போவ முடியாது" என்றார். அதற்குப் பிறகுதான் முடிச்சைப் போட்டார்.

சடையன்தான் வழி சொன்னார். புளிய மரத்துக்கு அந்தப் பக்கம், மலை மேலே மறியல் கிடையாது. கடுக்காய் ஏற்றுகிற ஜீப் ஒன்று மரத்துக்கு அப்பால் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அதில் ஏறினால் வெள்ளிமலை, கருமந்துறை வழியாக மலையைத் தாண்டிச் சேலம் பக்கம் இறங்கிவிடலாம். மரம் வரைக்கும் போக வழியில் இன்னும் இரண்டு மூன்று இடத்தில் ஆட்கள் நிற்கிறார்கள். ஆனால் இல்லத்து வண்டியை யாரும் நிறுத்த மாட்டார்கள்.

"நாலு பேரு ஏறி கைய வெளிய நீட்டிக்கினு ஒக்காந்தா போதும்மா. ஒருத்தன் கிட்ட வர மாட்டான்" என்றார்.

பம்பாயம்மா எரிந்து விழுந்தார். உங்க வியாதியக் காட்டி ஜனங்கள வெரட்டிக்கினு நான் போவணுமா, அப்பிடிப் போயி எங்கம்மாவைப் பாக்க வேணாம் என்றார். சடையன் கோபித்துக்கொள்ளவில்லை.

"இத்தினி வருசமா இந்தக் கையி எனக்கு ஒண்ணும் செய்யல. உனக்காச்சும் செய்யட்டுமே. நீ மட்டும்தான் குடுப்பியா? நாங்க குடுத்தா வாங்க மாட்டியா?"

பம்பாயம்மா சுவரோரம் இருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். கட்டு யார் போடுவது என்று அடுத்துக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். நீ லீவு என்றார் உடனே. அந்த நிலைமையிலும். குப்பம்மா குறுக்கே வந்து, எங்க புண்ண நாங்களே ஒருத்தருக்கு ஒருத்தர் பாத்துக்கறோம், பொழுது வெடிஞ்சதும் கெளம்பு என்று முடித்தாள்.

மறுநாள் காலை வண்டி புறப்பட்டது. சடையன் ஓட்டினார். குப்பம்மாவும் இன்னும் இரண்டு பேரும் கட்டுப் போட்ட கைகளை வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நடுவில் பம்பாயம்மா, மடியில் பெட்டி. நான் பின்னால் நடந்தேன். சடையன் சொன்னது அப்படியே நடந்தது. குறுக்கே கயிறு கட்டியிருந்தவர்கள் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் இறங்கி நின்றார்கள். ஒவ்வொரு இடத்திலும் பம்பாயம்மாவின் தலை குனிந்துகொண்டே போயிற்று. அவர் தலை குனிந்து நான் பார்த்ததில்லை, எனக்குத் தாங்கவில்லை.

புளிய மரத்தடியில் அந்த வித்தை செல்லவில்லை. ஆட்கள் ஒதுங்கினார்கள், மரம் ஒதுங்குமா? அடிமரம் இடுப்பளவுக்குக் கிடந்தது, ஓரத்தில் கிளைகள். வண்டியைத் தூக்கித்தான் அப்பால் வைக்க வேண்டும். வண்டியில் இருந்தவர்களுக்குப் பிடிக்க விரல் கிடையாது. பம்பாயம்மா மட்டும் மரத்தில் ஏறி இறங்கி ஜீப்புக்குப் போயிருக்கலாம். நாலே எட்டு. தம்பியே தூரத்தில் நின்றுகொண்டு அதைத்தான் சொன்னான், நீங்க மட்டும் தாண்டிப் போங்கம்மா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க என்று.

பம்பாயம்மா வண்டியிலிருந்து இறங்கினார். மரத்தின் மேல் பெட்டியை வைத்தார். ஏறவில்லை.

"இவங்க என்னை ஜீப்பு வரிக்கும் கொண்டாந்து வுடறேன்னு சொல்லி வந்தவங்க. பாதியில நிறுத்திட்டுப் போவ மாட்டன். கிட்ட வாங்க. வண்டியப் புடிங்க."

யாரும் அசையவில்லை. ஜீப்காரர் ஹாரன் அடித்தார். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. வீம்புக்கும் ஓர் அளவு வேண்டாமா? போங்கம்மா, அம்மாவைப் பாருங்க என்று கத்தினேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒதுங்கி நில்லுன்னு ஒங்களச் சொன்னாங்கன்னுதான ரோட்டுல வந்து ஒக்காந்தீங்க? இவங்களும் அதான் தம்பி."

தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். சக்கரத்தில் கை வைத்தான். அவன் பின்னால் மூன்று நான்கு பேர், பிறகு நான். எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று சொன்னால் பொய். பாதிப் பேர் வரப்பிலேயே நின்றார்கள், ஒருவர் காறித் துப்பினார். மாட்டை அவிழ்த்து ஓரமாக ஓட்டிவிட்டு, வண்டியில் இருந்தவர்களோடு சேர்த்தே தூக்கினோம். குப்பம்மா பயத்தில் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவன் தட்டிவிடவில்லை. வண்டி அந்தப் பக்கம் இறங்கியது. பெட்டியையும் அவரையும் ஜீப் வரை கொண்டுபோய் ஏற்றிவிட்டுத்தான் சடையன் திரும்பினார். வண்டியை மறுபடியும் இந்தப் பக்கம் தூக்கி வைத்த பிறகு தம்பி வாய்க்காலில் இறங்கி மண்ணைப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். அதையும் பார்த்தேன். அவனைக் குறை சொல்ல மாட்டேன். தூக்கியபின் கழுவினான், அவ்வளவுதான்.

மறியல் முடிய இன்னும் நாள் இருந்தது. ஜீப் போய்விட்டது, இந்நேரம் ரயிலேறியிருப்பார், அம்மா மடியில் படுத்திருப்பார் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். சடையன் முகத்தில் அப்படி ஒரு களை. கலியாணம் செய்து அனுப்பிவைத்தவர் மாதிரி நடமாடினார்.

ஒரு மத்தியானம், நான் மறுபடியும் துணி மாற்ற வந்திருந்த நேரம், பம்பாயம்மா அதே தகரப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றார். புடவையெல்லாம் செம்மண். கருமந்துறை தாண்டிச் சேலம் பக்கத்து இறக்கத்திலும் மரம். அதைத் தாண்டி நடந்தால் இன்னொரு மரம். இருட்டும் வரை நடந்திருக்கிறார். ரயில் நேரம் போய்விட்டது என்று தெரிந்த பிறகும் கொஞ்ச தூரம் நடந்தாராம். ஒரு மலைக்காரர் வீட்டில் படுத்திருந்து, காய்ச்சல் வந்து, திரும்பி வந்திருக்கிறார். எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "ஏறியிருப்பாங்க இந்நேரம்" என்றார்.

குப்பம்மா வாய்விட்டு அழுதாள். சடையன் எழுந்து வெளியே போய் மாட்டுக் கொட்டகைக்குள் உட்கார்ந்துகொண்டார். பம்பாயம்மா அழவில்லை. பெட்டியைத் திறந்து அல்வாப் பாத்திரத்தை எடுத்து, கோதுமைப் பாலும் தேங்காய்ப் பாலும் சேர்த்துக் கிண்டியது, இதுக்கு மேல வெச்சிருந்தா கெட்டுடும் என்று சொல்லி, ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். சடையனுக்குக் கொட்டகைக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். என் துண்டை நான் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

கை கழுவிக்கொண்டு வந்து முதல் காலை எடுத்து மணையில் வைத்தார். நோயாளிகள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட கட்டு, பலசரக்குக் கடைப் பொட்டலம் மாதிரி இருந்தது. அதைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் சிரித்தார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஏதாவது சொல்லியாக வேண்டும். என் தம்பிக்காகவும் எங்கள் எல்லோருக்காகவும் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று அம்மா என்று ஆரம்பித்தேன். அவர் நிமிராமலேயே கேட்டார்.

"நீங்க கேட்டது குடுத்துட்டாங்களா?"

"இன்னும் இல்லம்மா."

பழைய துணியைப் பிரித்துத் தட்டில் போட்டார். புண்ணை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப மறுபடியும் ரோட்டுல ஒக்கார வேண்டி வரும். அடுத்த வாட்டி எத்தினி நாளுன்னு முன்னாடியே எங்கிட்ட சொல்லிட்டுப் போங்க. பஞ்சு ஜாஸ்தி வாங்கி வெக்கணும்."